ஆயுத பூஜைக்கு முன் எடுத்த தூசி

சண்முகா, சாமி,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பட்டணத்துச் சாப்பாடு ஒத்துக்கொண்டது, அறைக்குத் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்ற இடங்களை மட்டும் மூன்றாவது தரமும் வாசிக்கச் சொன்னாள். அதில் ஒரு பத்தியை மட்டும் அவளுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன். அதற்குப் பதில் எழுதத்தான் இன்று மத்தியானத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத ஆரம்பித்து இது நான்காவது காகிதம்; மூன்றைக் கிழித்துவிட்டேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். ஆபீஸில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படி.

அந்தப் பத்தியில் நீ எழுதியிருந்தது இது. வேலையில் சேர்ந்ததும் உனக்கு முதல் பொறுப்பாக, சேலத்தில் வெள்ளைக்கல் கரட்டுக் குன்றை ஒட்டி வரப்போகும் புதுச் சப்ஸ்டேஷனுக்கு எந்த மாதிரி இன்சுலேட்டர் வாங்க வேண்டும் என்ற குறிப்பைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய காகிதக் கட்டுகளைப் புரட்டினபோது, ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட அறிக்கை கிடைத்தது. என் பொறுப்பிலுள்ள சேலம் சப்ஸ்டேஷன் யார்டில் இன்சுலேட்டர்ப் பீங்கான்களின் மேல் தூசிப் படிவு ஏதும் இல்லை என்று அதில் இருக்கிறது. உன் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, அப்படியானால் வழக்கமான இன்சுலேட்டரே போதும், மாதக் கடைசிக்குள் எழுதி முடித்துவிடு என்றார். அப்பாவின் கையெழுத்தை அந்தக் கட்டில் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது என்றும், அதையே ஆதாரமாக வைத்து எழுதப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

சண்முகா, அந்த அறிக்கையை ஆதாரமாக வைக்காதே. அதில் இருப்பது உண்மை இல்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் மூன்று காகிதம் வீணானது. இனிமேல் எழுதுவது சுலபம்.

நீ காலேஜில் படித்தவன். பீங்கானைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்த வழியில் சொல்லிக்கொண்டு போகிறேன், அப்போதுதான் நான் செய்தது என்ன என்று உனக்கு முழுதாகப் புரியும். பீங்கானுக்குள்ளே மின்சாரம் போகாது. அதன் மேல்தோலில் அழுக்குப் படிந்து, அந்த அழுக்கு நனைந்தால், நனைந்த அழுக்கின் வழியாக ஊர்ந்து போகும். ஊர்ந்து போக வேண்டிய தூரம் குறைவாக இருந்தால் ஒரு நாள் மேலிருந்து கீழே வரை நெருப்பாக இறங்கிவிடும். அதற்காகத்தான் இன்சுலேட்டரைக் குடை குடையாகச் செய்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் அந்தத் தூரத்துக்கு என்ன பெயரோ, நாங்கள் ஊரும் தூரம் என்போம். அளக்க எங்களுக்குக் கருவி எதுவும் கொடுக்கவில்லை. நான் எடப்பாடித் தறி வீட்டில் பிறந்தவன், எனக்கு நூல்தான் தெரியும். பாவு நூலில் கஞ்சியைத் தடவி, பீங்கானின் உச்சியில் ஒட்ட ஆரம்பித்து, ஒவ்வொரு குடையின் மேலேயும் அடியிலேயும் மடங்கி மடங்கி ஒட்டிக்கொண்டே வந்து, கால் முட்டும் இடத்தில் அறுப்பேன். பிறகு நூலை உரித்து மேசையில் நீட்டி அடிக்கோலை வைப்பேன். இரண்டரை அடி உயரத்தில் இரண்டு இன்சுலேட்டர் எங்களிடம் மாதிரிக்கு வந்திருந்தன. ஒன்றுக்கு நூல் மூன்றே முக்கால் அடி. குடை ஆழமாக இருந்த மற்றதற்கு ஐந்தே முக்கால் அடி. எட்ட நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். உன் மேலதிகாரியும் உயரத்தைத்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அறிக்கைக்கு வருவதற்கு முன்னால் உன் இடது காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு ஆறு வயதில் அந்தக் காதில் சீழ் வந்தது. தலையணை நனைகிற அளவு வரும். சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாள் பார்த்தோம். அன்றைக்கு விடிந்ததும் அம்மா வெந்நீரில் துணியை நனைத்து உன் காதைச் சுத்தமாகத் துடைத்து, திரி போட்டு எடுத்து, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டி அழைத்து வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, காது நன்றாகத்தானே இருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் விடுங்கள் என்று அனுப்பிவிட்டார். மறுபடி போவதற்குள் உள்ளே ஓட்டை விழுந்துவிட்டது. இன்றைக்கும் உன்னை இடது பக்கமிருந்து கூப்பிட்டால் உனக்குக் கேட்பதில்லை. அதற்காக உன் அம்மாவை நான் எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன் என்பது உனக்குத் தெரியும். விருந்தாளி இருக்கும்போதுகூடச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவள் ஒரே பதில்தான் சொல்வாள். "பெரிய டாக்டரு முன்னாடி புள்ளையை அழுக்கா நிறுத்தச் சொல்றீங்களா?" அந்தப் பதிலுக்கு நான் சிரிப்பேன், அது நல்ல சிரிப்பு இல்லை.

நான் அந்த அறிக்கையை எழுதினது உலகச் சண்டை தொடங்கின சமயம். யார்டை விஸ்தரித்து, கரட்டுப் பக்கத்துக்குப் புது லைன் ஒன்று போக வேண்டியிருந்தது. எந்த இன்சுலேட்டர் வேண்டும் என்று முடிவு செய்ய, இருக்கிற யார்டில் எவ்வளவு தூசி படிகிறது, மழையில்லாத மாதங்கள் கழிந்ததும் பார்த்து எழுது என்று எனக்குக் கடிதம் வந்தது. கரட்டுச் சூளையில் வெள்ளைக்கல்லைச் சுட்டால் மாவு மாதிரி ஒரு தூசி பறக்கும் என்பது சேலத்தில் துணி காயப்போடுகிற எல்லாருக்கும் தெரியும். அது பீங்கானில் ஒட்டி, பனி பட்டால் சாந்துபோல இறுகிவிடும். மழை மேலே கழுவுமே தவிர, குடைகளுக்கு அடியில் போகாது. அதனால் மாரப்பனும் அவன் ஆட்களும் மாதம் ஒரு தரம் லைனை நிறுத்தித் துடைப்பார்கள். ஓமலூர் மாரப்பனை உனக்கு ஞாபகம் இருக்கும். மேட்டூரில் அணை கட்டுவதைக் காட்ட உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன். அந்தத் துடைப்பை நான் எந்த ரிஜிஸ்டரிலும் எழுதியதில்லை. யார்டில் அழுக்குச் சேருகிறது என்று எழுதினால் என் யார்டு அழுக்கு என்று ஆகிவிடும் என்ற எண்ணம். இந்த ஜில்லாவில் என் யார்டு மாதிரி எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

கடிதம் ஆவணியில் வந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. நம் யார்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். சாவி, ஸ்பானர் என்று ஒன்று விடாமல் கழுவி வரிசையாக வைப்போம். லைனை நிறுத்தி ஒவ்வொரு பீங்கானையும் குடைக்கு அடியிலெல்லாம் விரல் விட்டுத் துடைத்து, டிரான்ஸ்பார்மருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவோம். அந்த வருஷம் மாரப்பன் மூன்று நாள் துடைத்தான். துடைத்த துணிகளை எல்லாம் கிணற்றடியில் போடச் சொன்னேன், குவியல் வெள்ளையாகக் கிடந்தது. பூஜை முடிந்து இரண்டாம் நாள், வைத்த பொட்டு இன்னும் அழியாமல் இருக்கும்போது, நான் நூலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். தூரத்தை அளந்தேன். அளவில் ஒரு நூலளவுகூடத் தப்பு இல்லை. படிவு எவ்வளவு என்று கேட்டிருந்த இடத்தில், ஏதும் இல்லை என்று எழுதினேன். அந்த நிமிஷத்தில் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஐப்பசியில் அதிகாரி நேரில் வந்து பார்த்தபோது மழை வேறு கழுவிவிட்டிருந்தது. யார்டு கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று என் தோளைத் தட்டினார். ஆழக் குடை வைத்த சரக்குக் கப்பலில் வர வேண்டியது, சண்டைக் காலத்தில் கப்பல் கிடைப்பது கஷ்டம், அது தேவையே இல்லை என்று ஆனதில் அவருக்கும் நிம்மதி.

புது லைனில் சாதாரண இன்சுலேட்டரே ஏறியது. சூளைக்கு அது இன்னும் பக்கம். இரண்டாவது தை மாதத்திலேயே விடியற்காலைப் பனியில் பீங்கானின் மேல் சிறு சிறு நீலக் கோடுகள் ஊர ஆரம்பித்தன, அப்பளம் பொரிகிற சத்தத்தோடு. வெயில் ஏறினால் அடங்கிவிடும். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்து, என் அறிக்கை தவறு, இங்கே ஊரும் தூரம் போதவில்லை என்று நாலு வரி எழுதியிருக்க வேண்டும். நான் அதற்குப் பதிலாக மாரப்பனைக் கூப்பிட்டு, மாதம் ஒரு தரம் போதாது, வாரம் ஒரு தரம் துடை என்றேன். ஒரு வியாழக்கிழமை சத்தம் அதிகமாக இருந்தது. வெயிலுக்குக் காத்திருக்காமல், விடியும்போதே ஒரு லைனை நிறுத்தி ஏறச் சொன்னேன்.

"பனி கொஞ்சம் எறங்கட்டுமுங்களே" என்றான்.

"அதுக்குள்ள வெடிச்சுப்போடும், ஏறு மாரப்பா" என்றேன். அவன் ஏறினான். அவன் துடைத்துக்கொண்டிருந்த லைன் செத்த லைன்தான், அதில் தப்பில்லை. அடுத்த லைன் உயிரோடு இருந்தது. அதன் பீங்கான் அவன் கைக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தது. அதில் மின்சாரம் மேலிருந்து கீழே இறங்கிப் பீங்கான் வெடித்தபோது நெருப்பு அவன் வலது பக்கம் முழுவதும் தாவியது. முழங்கைக்கு மேலே கையை எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி காகிதக் கட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். இந்த யார்டில் தூசி படிவதாக முன்பு எப்போதாவது தெரிந்திருக்கிறதா என்றார். அவர் கையிலேயே என் அறிக்கை இருந்தது. அறிக்கையில் உள்ளபடிதான் ஐயா என்று சொன்னேன். மூன்றே வார்த்தைதான். தூசி இல்லாத யார்டில் பீங்கான் வெடிக்கக் காரணம் என்ன என்று யோசித்தார்கள். துடைக்கப்போன ஆள் ஈரத் துணியோடு உயிருள்ள லைன் பக்கம் நெருங்கிவிட்டான், கவனக்குறைவு என்று முடிந்தது. மாரப்பனின் பெயருக்கு நேரே அந்தச் சொல் இன்றைக்கும் இருக்கிறது. நீயும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த வருஷம் லீவில் வந்திருந்தபோது, மாரப்பண்ணன் கொஞ்சம் பார்த்து இருந்திருக்கலாம் அப்பா என்று நீ சொன்னாய். நான் ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் அந்த ஆமாம்தான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் ஓமலூருக்குப் போனேன். ஐந்து வருஷத்தில் நாலைந்து தரம் போயிருக்கிறேன், பழம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து மழை மாடு என்று பேசிவிட்டு வந்திருக்கிறேன். இந்தத் தரம் கையை வீசிக்கொண்டு போனேன். புன்செய்க் காட்டில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாரப்பன் வரப்பில் உட்கார்ந்து, செடியைக் கால் விரலில் இடுக்கிப் பிடித்து இடது கையால் காயை உருவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க சாமி. தம்பி பட்டணத்துல சௌக்கியமுங்களா?"

உட்காராமலேயே சொன்னேன். உட்கார்ந்தால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். அறிக்கையைச் சொன்னேன், பூஜை முடிந்து இரண்டாம் நாள் ஏறியதைச் சொன்னேன், விசாரணையில் நான் சொன்ன மூன்று வார்த்தையைச் சொன்னேன். உன் மேஜையில் அது வந்து உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான். கையிலிருந்த செடியை உதறிக் கீழே போட்டான்.

"எனக்குத் தெரியாதுங்களா?" என்றான். "அந்தப் பூசைக்கு ஒவ்வொரு குடையும் தொடச்சது நாந்தானுங்க. நீங்க நூலும் கையுமா ஏறுனப்ப ஏணியைப் புடிச்சுக்கிட்டு நின்னதும் நாந்தான்."

"அப்பறம் ஏன் சொல்லலை, மாரப்பா? ஆஸ்பத்திரியிலே உன்னையும் கேட்டாங்களே."

"கேட்டாங்க. நீங்க பக்கத்துல நின்னீங்க. நீங்க சொல்லிப்போடுவீங்கன்னு இருந்தேனுங்க."

அவன் மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். சொம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு அவன்தான் மறுபடி பேசினான். "நீங்க வரும்போதெல்லாம், இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு பாப்பேன். பழத்தை வெச்சுப்போட்டுப் போயிருவீங்க." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவனிடம், சண்முகம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். வேலை என்று வந்ததும் அவன் பழைய மாரப்பனாக ஆகிவிட்டான். "ஆழக் குடை வெச்சதா வாங்கச் சொல்லுங்க. எத்தனை பெருசு வாங்குனாலும் தொடைக்காம ஆகாது, அதுவும் அந்தச் சூளைக்குப் பக்கத்துல. ஆனா பனியில ஓடிப்போய் ஏற வேண்டாம் பாருங்க, வெயில் வந்தப்பறம் நிதானமாத் தொடச்சுக்கலாம்" என்றான். நான் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டான். "ஏனுங்க, வெறுங் காயிதத்துல எழுதுனா பட்டணத்துல நம்புவாங்களா? அந்த அழுக்கையே அனுப்பி வெய்யுங்க. பூசைக்கு முந்தி எடுத்துப்போடுங்க, நம்மாளுக தொடச்சுப்போடுவாங்க."

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தில் தாண்டின பத்தியையும் வாசித்துக் காட்டினேன். அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு காதைத் தொடச்சதுக்கு இருபது வருசமா என்னைச் சொல்லிக் காட்டுனீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று எனக்குச் சாப்பாடு போட்டாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவனுக்கு ஒண்ணு விடாம எழுதுங்க. காதைப் பத்தியும் எழுதுங்க, அந்தத் தப்பு என்னோடதுதான்" என்றாள். நான் செய்ய ஐந்து வருஷம் ஆனதை அவள் ஒரு காபி நேரத்தில் செய்துவிட்டாள். உனக்குக் கல்யாணம் ஆகி உன் மனைவி ஏதாவது தவறு செய்தால், அதைச் சொல்லிக் காட்ட வாய் வரும்போது உன் அப்பாவை ஒரு தரம் நினைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது வேலைக்கு. உன் மேஜைக்கு யார் அறிக்கை வந்தாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதே. என்றைக்குப் பார்த்தார்கள், அதற்கு முன்னால் கடைசியாக எப்போது மழை பெய்தது, கடைசியாக யார் துடைத்தார்கள் என்று கேட்டு எழுது. துடைத்தவன் பெயரையே கேள். எழுதுகிறவனை விட அவனுக்கு அதிகம் தெரிந்திருக்கும். உயரத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளாதே, நூலைப் போட்டுப் பார். கரட்டுப் பக்கம் ஐந்தே முக்கால் அடிக்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதே என்பது என் எண்ணம். அதற்கு மேலே கிடைத்தால் இன்னும் நல்லது. கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டியது நீதான், நான் சொல்லிவிட்டேன் என்பதற்காகச் செய்யாதே. என் பேச்சை நம்பினதால் வந்த வினை ஒன்று போதும்.

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். அறிக்கை எழுதின நாள், அதற்கு முன்னால் நடந்த துடைப்பு, விசாரணையில் நான் மறைத்தது, அன்று பனியில் ஏறச் சொன்னது நான் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. மாரப்பன் பெயருக்கு நேரே உள்ள சொல்லை எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். ஒரு நகலை இங்கே என் மேலதிகாரியிடம் நேற்றே கொடுத்துவிட்டேன், ஆகவே நீ எனக்காக இதைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பயனில்லை. ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. என்ன செய்வார்களோ தெரியவில்லை. உன் ஆபீஸில் நாலு பேர் உன்னை ஒரு மாதிரி பார்க்கலாம், அதுதான் எனக்கு வலிக்கிறது. கண் நிறைந்தது என்று எழுதினாயே, அந்தக் கையெழுத்தின் மேலேயே இந்த வாக்குமூலத்தை வைத்துக் கட்டிவிடு.

வருகிற வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. இன்று காலையில் புது லைனை நிறுத்தி, எர்த் போட்டு, வெயில் நன்றாக ஏறினபிறகு நானே ஏறினேன். ஏணியைப் பிடிக்க மாரப்பன் ஓமலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான். நான் கூப்பிடவில்லை. ஒரே ஒரு இன்சுலேட்டரின் குடைகளுக்கு அடியில் இருந்ததைச் சுரண்டி எடுத்தேன், கீழே அவன் இடது கையில் காகிதத்தை ஏந்தி வாங்கிக்கொண்டான். இதோடு அனுப்பும் அந்தப் பொட்டலத்தை மடித்தது அவன்தான், ஒற்றைக் கையால் மடித்தது என்பதால் மடிப்புச் சரியாக இராது. பதனமாகப் பிரி. காற்றாடிக்கு நேரே வைத்துப் பிரிக்காதே. மேஜையில் கொஞ்சம் கொட்டினாலும் கொட்டினபடியே இருக்கட்டும், உன் மேலதிகாரி வந்து பார்க்கும் வரைக்கும் யாரையும் துடைக்க விடாதே.

உன் அப்பா